மூன்றாவது டிரான்சிஸ்டர்

கிட்டாரின் ஆறு கம்பிகளையும் அழகேசன் ஒரு துண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தான். புதிதாக ஒரு பெட்டி செய்தால் முதலில் அதைச் சும்மா விட்டுக் கேட்பது அவன் வழக்கம். பாட்டு ஓடும்போது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான், பாட்டு இல்லாதபோது எவ்வளவு இரைகிறது என்பதில்தான் செய்தவனுடைய லட்சணம் தெரியும். காலால் பெட்டியின் பொத்தானை அமுக்கினான். பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து அவனே செய்திருந்த ஆம்ப்ளிபயரிலிருந்து, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஓர் இரைச்சல் வந்தது. அது வர வேண்டியதுதான். அந்த இரைச்சலுக்கு நடுவே யாரோ மூச்சை இழுத்தார்கள். பேசுவதற்கு முன்னால் இழுப்போமே, அந்த மூச்சு. இழுத்துவிட்டு, பேசாமலே விட்டுவிட்டார்கள்.

அழகேசன் காலை எடுத்தான். இரைச்சல் நின்றது. வாசற்படியில் உட்கார்ந்து சிலேட்டில் பூனை வரைந்துகொண்டிருந்த மகள் மலர்கொடியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு பூனைக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய மூச்சு இல்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு நீளமான மூச்சு வராது. அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கிடையாது. தை மாதம் வரைக்கும் சாந்தா இருந்தாள்.

சாந்தா அவன் பெண்டாட்டி. வாய் ஓயாத பெண். அரிசி களைந்தால் அரிசியோடு பேசுவாள், பால்காரர் சைக்கிளை நிறுத்தினால் சைக்கிளோடு பேசுவாள், அழகேசன் ஒரு வார்த்தை கேட்டால் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்து அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடுவாள். மஞ்சள் காமாலை வந்து, கண்ணும் நகமும் மஞ்சளாகி, வீடெல்லாம் கீழாநெல்லிச் சாற்றின் பச்சை வாடை அடிக்க, கடைசியில் பேச்சு மெலிந்து, உதடு மட்டும் அசைந்து, அதுவும் நின்று போய்ச் சேர்ந்தாள். அவள் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சத்தம் போனதைத்தான் அழகேசனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. சத்தத்தை வைத்தே பிழைக்கிறவன் அவன். தன் பெண்டாட்டியின் குரலை ஒரு டேப்பில்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லையே என்று ராத்திரியெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

பெட்டி செய்ய வைத்தவர் வெள்ளைச்சாமி. கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என்று எதற்குக் கூப்பிட்டாலும் போகிற மெல்லிசைக் குழு ஒன்றை அவர் நடத்தினார். அழகேசன் அதில் கிட்டார். பகலில் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர். சினிமாப் பாட்டுகளில் கிட்டார் உறும ஆரம்பித்திருந்த காலம் அது. மேடையில் அந்த இடம் வரும்போது அழகேசனின் கிட்டார் டிங் டிங் என்று கோயில் மணி அடிக்கும்.

“தம்பி, சினிமாக் கொட்டாயில பாட்டக் கேட்டுட்டு வந்தவன், நம்ம கிட்டாரு மட்டும் ஏன் இப்புடிப் பத்தியச் சோறு தின்ன மாரி இருக்குன்னு கேக்குறான்,” என்றார் வெள்ளைச்சாமி. “அந்த ஒறுமுற பொட்டிய நீயே செஞ்சுடேன். ஒனக்கும் மனசு வேற பக்கம் திரும்புன மாரி இருக்கும்.”

செய்வதில் பெரிய வித்தை இல்லை. கிட்டாரிலிருந்து வருகிற சின்னஞ்சிறு மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கும். பெருக்கியதை இரண்டாவது டிரான்சிஸ்டர் இன்னும் பெருக்கும். அளவுக்கு மேல் பெருகியது மேலேயும் கீழேயும் முட்டி நசுங்கும். அந்த நசுங்கல்தான் உறுமல். நசுங்கும்போது சின்னச் சத்தமும் பெரிய சத்தமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கம்பி ஓய்ந்துபோகிற கடைசி முனகல்கூடத் தட்டின சத்தத்துக்குச் சமமாக எழுந்து நிற்கும். ஒரே தொல்லை, ஒரு சமயத்தில் ஒரு சத்தத்தைத்தான் அது தாங்கும். இரண்டு சேர்ந்து வந்தால் வலுத்தது இளைத்ததை விழுங்கிவிடும்.

திருச்சிக் கடைகளில் கிடைத்த புது டிரான்சிஸ்டர்களைப் போட்டால் ஈ ரீங்கரிப்பது போல வந்தது. பழைய காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வேண்டும். அது இருந்தது ஒரே ஒரு இடத்தில். வேப்பந்தட்டையிலிருந்து கல்யாணத்துக்கு சாந்தா கொண்டுவந்த கையடக்க ரேடியோ அடுப்படி அலமாரியில் கிடந்தது. அவள் இருந்தபோதே அது பாடுவதை நிறுத்திவிட்டது. ஊர் ரேடியோவை எல்லாம் ரிப்பேர் பார்க்கிற மகாராசனுக்கு வீட்டு ரேடியோவைப் பார்க்க நேரமில்லை என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதைப் பிரித்து, சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி, இரண்டு டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கினான். ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் வைத்துப் பற்றவைத்தான். காலால் அமுக்குகிற சுவிட்சு கிடைக்காததால் வாசல் மணிப் பொத்தான் ஒன்றை டப்பா மூடியில் பொருத்தினான். அமுக்கிக்கொண்டே இருந்தால் வேலை செய்யும். காலை எடுத்தால் நின்றுவிடும். கிட்டாரின் வயிற்றுக்குள் சத்தம் பிடிக்க வைத்திருந்தது டெலிபோனில் வாய் வைத்துப் பேசுகிற பக்கத்தில் இருக்கும் மைக் வட்டு. அது கம்பியை மட்டுமா கேட்கும், அறையில் யார் தும்மினாலும் கேட்கும்.

அதனால்தான் அந்த மூச்சை முதலில் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு தனம் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். பகலெல்லாம் மலர்கொடியைப் பார்த்துக்கொள்வது அந்த தனம்தான்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துண்டை அவிழ்த்துவிட்டுக் கனத்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். ஆடிக் காற்று வாசல் கதவை அசைத்துக்கொண்டிருந்தது. சிமெண்டு ஆலைத் தூள் கலந்த அந்தக் காற்றிலும் புழுக்கம் இருந்தது. பெட்டி உறுமியது. வெள்ளைச்சாமி கேட்டால் வாயைப் பிளப்பார், அப்படி ஓர் உறுமல். சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி அதிர்ந்தது, அடுப்படியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, அவன் தாடை எலும்புக்குள்ளேயே சத்தம் இறங்கியது. அவன் காலை எடுக்காமல் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். உறுமல் மெதுவாக மெலிந்து, நூலாகி, அறுந்துபோகப் போகிற இடத்தில், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

“மலரு...”

கரகரவென்று, தொண்டை கட்டியது போல. ஆனால் அந்த இழுப்பு. ‘ரு’வில் கொஞ்சம் மேலே ஏறி இறங்குகிற இழுப்பு.

“ஏ, மலரு...”

கம்பி ஓய்ந்தது. பெட்டி அடங்கியது. அறையில் கீழாநெல்லி வாடை அடித்தது.

அழகேசனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நெஞ்சு விம்மி, வாய் கோணிக்கொண்டு, கிட்டாரின் மேலேயே கவிழ்ந்து ஓவென்று அழுதான். சாந்தா தினமும் இந்த நேரத்துக்குத்தான் அடுப்படியில் நின்று பிள்ளையைக் கூப்பிடுவாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது மலர்கொடி வாசற்படியில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

“அம்மாடி, கேட்டியா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருக்க? அம்மாதான்டா.”

கையை எடுக்காமலே விரல் இடுக்கில் பேசினாள். “பொழுது சாஞ்ச பொறவு பேர் சொல்லிக் கூப்புட்டா ஒடனே ஏன்னு கேக்கக் கூடாதுப்பா. மூணு தடவ கூப்புட்டாத்தான் கேக்கணும். காத்து கருப்புக்கு மூணு தடவ கூப்புட வராது.”

“யாரு சொன்னா?”

“அம்மாதான்.”

அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற சங்கதிதான். அழகேசனுக்கும் அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் இருட்டின பிறகு வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் அவன் எழுந்து போவான். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவன் என்பதற்காக அதெல்லாம் மாறிவிடுமா. “இது ரெண்டு தடவதாம்ப்பா கூப்புட்டுச்சு,” என்றாள் மலர்கொடி. அவள் அன்றைக்குச் சோறு சாப்பிடும்வரை வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அழகேசன் கடைக்குச் சரியாகப் போகவில்லை. ஒத்திகைக்கு வரச் சொல்லி வெள்ளைச்சாமி ஆள் மேல் ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் ஆவதற்காகவே பகலைக் கடத்தினான். விளக்கைப் போட்டு, ஆம்ப்ளிபயரின் வால்வுகள் சூடாகித் தூசி கருகுகிற வாடை வரும்வரை காத்திருந்து, பொத்தானை அமுக்கி, கனத்த கம்பியைத் தட்டுவான். கம்பி ஓயும் நேரத்தில் அவள் வருவாள். இரண்டு தடவை கூப்பிடுவாள். போய்விடுவாள். மறுபடி தட்டினால் மறுபடி வருவாள். எத்தனை தடவை தட்டினாலும் அதே பேர். அதே இரண்டு தடவை.

அவன் கிட்டாரின் வாயருகே குனிந்து பேசிப் பார்த்தான். “சாந்தா, நான்தான். நான் இங்கதான் இருக்கேன்,” என்றான். ஒலிபெருக்கியில் அவன் குரலே உடைந்து திரும்பி வந்தது. அவள் ஒரு தடவைகூட அவனைக் கூப்பிடவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனை ‘ஏங்க’ போட்டிருப்பாள். இப்போது ஒன்றே ஒன்றுக்கு அவன் பிச்சைக்காரனாக உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால், பெற்ற மகள் மேலேயே அவனுக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

“என்னங்கண்ணே, தெனமும் ஒரே கொர்கொர்னு கேக்குது,” என்றாள் தனம் ஒருநாள், சுவருக்கு மேலே தலையை நீட்டி. “புள்ள மொகம் வெளுத்துக் கெடக்கு. பொழுது போனா எங்க வூட்டுலயே படுத்துக்கிறேங்குறா. நல்லா கேளுங்க, பயந்திருக்கா.”

அழகேசன் மகளை மடியில் உட்காரவைத்துக் கேட்டான். அவள் அவன் சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

“அம்மா மாரியே கூப்புடுதுப்பா. ஆனா அம்மா இல்ல.”

“எப்புடிச் சொல்ற?”

“அம்மான்னா மூணு தடவ கூப்புடும்ல.”

இது அவனை எங்கேயோ சுருக்கென்று குத்தியது. பிள்ளை சாந்தாவைக் காத்து கருப்பு என்கிறது. பெற்றவளைப் பார்த்துப் பிள்ளை வாயைப் பொத்திக்கொள்கிறது. சாந்தாவுக்கு இதைவிட வேறு என்ன அவமானம் வேண்டும். அவள் கூப்பிடத்தான் பார்க்கிறாள். கம்பி அதற்குள் ஓய்ந்துவிடுகிறது. குற்றம் அவளிடம் இல்லை, பெட்டியிடம் இருக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டரின் தம் அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் சத்தம் ஓயாமல் நிற்கும், அவள் மூன்றாவது தடவையும் கூப்பிடுவாள், மூன்று தடவை கூப்பிட்டால் அது காத்து கருப்பு இல்லை, சாந்தாதான் என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும், தனக்கும் உறுதியாகிவிடும். இப்படித்தான் கணக்குப் போட்டான் அழகேசன். பிள்ளை நம்புகிற அதே சட்டத்தை அவனும் நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவனைக் கெடுத்தது.

சாந்தாவின் ரேடியோவில் இன்னும் ஒரு ஜெர்மானியம் மிச்சம் இருந்தது. அதைப் பிடுங்கும்போது ஈயப் புகை கண்ணில் ஏறியது. டப்பாவுக்குள் இடம் போதாமல், பெட்டியை ஓட்டுகிற பேட்டரியை வெளியே எடுத்து ரப்பர் பேண்டு போட்டு மேலே கட்டினான். அந்த பேட்டரி எத்தனை நாள் பழசு என்று பார்க்கத் தோன்றவில்லை. பேட்டரி விற்கிற கடை தெருமுனையில், அவன் போகிற வழியில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை. வாசல் தெளித்து விளக்கு வைத்திருந்தார்கள் தெருவில். தனம் வீட்டுக்குக் கிளம்பின மலர்கொடியைக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அப்பாகூட இரும்மா. அப்பா இருக்கேன்ல.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பியைத் தட்டினான். உறுமல் எழுந்தது. முன்பு போல மெலியவில்லை. அவன் உள்ளங்கையால் கம்பியை அழுத்தி நிறுத்தினான். கம்பி நின்றது, பெட்டி நிற்கவில்லை. காற்றில்லாத கிணற்றுக்குள் குனிந்து கேட்டால் கேட்குமே, அதுபோல ஓர் ஓங்காரம், கனத்து, அடர்ந்து, வீட்டின் ஓட்டு இடுக்கு வரை நிரம்பியது. விளக்கு ஒரு தரம் மங்கி எரிந்தது. கீழாநெல்லி வாடை வந்தது. இந்தத் தடவை வெறும் வாடையாக இல்லை, நாக்கில் கசந்தது.

“மலரு...”

மலர்கொடி இன்னும் ஒடுங்கினாள்.

“ஏ, மலரு...”

பெட்டி ஓயவில்லை. அழகேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓங்காரத்துக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். அந்த முதல் நாள் மூச்சு.

“மலர்கொடி.”

முழுப் பேர். சாந்தா கோபம் வந்தால் மட்டும் சொல்கிற முழுப் பேர்.

“கேட்டியாம்மா? மூணு,” என்றான் அழகேசன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான். “மூணு தடவ கூப்புட்டாச்சு. அம்மாதான். பயப்படாம பதில் சொல்லு.”

மலர்கொடி கையை எடுத்தாள். அந்த முகத்தில் எவ்வளவு ஆசை. எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாளோ. வாய் திறந்தது.

“ஏம்மா?”

சுவரோரமிருந்து வரவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

அழகேசன் திரும்பிப் பார்த்தான். பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. மூடவில்லை.

“எங்கடி போன இம்புட்டு நேரம்?” என்றது ஒலிபெருக்கி, சாந்தாவின் குரலில்.

“இங்கதாம்மா இருந்தேன்,” என்றது மலர்கொடியின் குரலில். சிரிப்பும் வந்தது. ஒருவர் மாற்றி ஒருவராக, இரண்டு பேர் சிரிப்பும். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு கணம், ஒரே ஒரு கணம், அழகேசன் சந்தோஷப்பட்டான். வீடு மறுபடி வீடானது போல இருந்தது அவனுக்கு.

சுவரோரம் பிள்ளை மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்தது.

அவன் பாய்ந்தான். கால் பொத்தானை விட்டது. அறை அப்படியே அமைதியானது. பிள்ளையைத் தூக்கினான். கண் திறந்திருந்தது. உடம்பு சூடாக இருந்தது. மூக்கில் விரல் வைத்தான். ஒன்றும் இல்லை. நெஞ்சில் காது வைத்தான். ஒன்றும் இல்லை. உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

“மலரு. ஏ மலரு.”

அவன் கூப்பிட்டான். எத்தனை தடவை கூப்பிட்டானோ. பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை.

என்ன தோன்றியதோ, பிள்ளையை அணைத்தபடியே பின்னால் நகர்ந்து, குதிகாலால் துழாவி, பொத்தானை அமுக்கினான். ஓங்காரம் எழுந்தது. அதற்குள் சின்னதாக ஒரு மூச்சு. ஒலிபெருக்கியில். மார்போடு அணைத்திருந்த பிள்ளையின் நெஞ்சு அந்த மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

காலை எடுத்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

தரையில் உட்கார்ந்தான். பிள்ளை மடியில், தலை இடது கையில். இடது கால் பொத்தானில். வலது உள்ளங்கை பிள்ளையின் நெஞ்சில். “சாந்தா,” என்றான் கிட்டாரைப் பார்த்து. “சின்னப் புள்ள சாந்தா. அனுப்பிடு. ஒன் காலப் புடிக்கிறேன்.” பெட்டிக்குள்ளே தாயும் மகளும் அவனைக் கவனிக்கவில்லை.

“அம்மா, தூக்கம் வருது.”

“படு. தலைய இப்புடி வையி.”

பிறகு தூங்குகிற பிள்ளையின் மூச்சு மட்டும். சீராக. மடியில் கிடந்தவளின் கண் இமைக்கவில்லை. அதில் விளக்கு தெரிந்தது.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஓங்காரத்தின் ஓரம் பிசிறியது. வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குவது போல ஒரு தடுக்கல். அழகேசனுக்குத் தெரியும். எத்தனை ரேடியோவில் கேட்டிருக்கிறான். பேட்டரி இறங்குகிறது.

மூச்சு ஒன்று தவறியது. உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சும் ஒன்று தவறியது.

“தனம்,” என்று கத்தினான். “தனம். இங்க வாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. “என்னண்ணே? அந்தச் சத்தத்தக் கொறச்சாத்தான என்ன சொல்றீங்கன்னு கேக்கும்.”

“பேட்டரி வேணும். ஒம்போது வோல்ட்டு. தெருமொனக் கடையில கேட்டாத் தருவான். ஓடிப் போயி வாங்கியாங்க.”

“இந்நேரத்துக்கா? அடுப்புல ஒல வச்சிருக்கேன். இவரு வந்துருவாரு, வந்த ஒடனே அனுப்புறேன்.”

“இப்பவே வேணும் தனம். புள்ள—”

“புள்ள தூங்கட்டும்ணே. நீங்களும் படுங்க,” என்றாள் தனம், பரிவோடு. பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

மூச்சு. தடுக்கல். மூச்சு. தடுக்கல். தடுக்கல். மூச்சு.

கால் மரத்துவிட்டது. அமுக்குகிறோமா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. கையால் காலைப் பிடித்து அழுத்தலாம் என்றால் பிள்ளையின் நெஞ்சிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. இன்னொரு மூச்சு வந்தது. இவ்வளவு சின்ன மூச்சா இவள் விடுவது என்று நினைத்தான். இவ்வளவு நாளும் கவனித்ததில்லை.

“ஏங்க.”

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை சாயங்காலம் குனிந்து கிடந்தான்.

“ஏங்க, இருக்கீங்களா?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். உள்ளங்கையின் கீழே நெஞ்சு ஏறவில்லை. வலுத்த சத்தம் வந்தால் இளைத்ததற்கு அதில் இடமில்லை. அவனே செய்த பெட்டி.

ஓங்காரம் தடுக்கியது. அவள் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் பிள்ளைக்கு ஒரு மூச்சு வந்தது. பாதி மூச்சு.

பேசாதே சாந்தா, என்று மனசுக்குள் மன்றாடினான். இனிமேல் பேசவே பேசாதே.

“புள்ள வந்து சேந்துட்டா. அசந்து தூங்குறா,” என்றாள் சாந்தா. “நீங்கதான் எளச்சுப் போயிட்டீங்க. ஒழுங்காச் சாப்புடறீங்களா இல்லையா? தனம் நல்ல கொழம்பு வைப்பா, கூச்சப்படாம வாங்கித் தின்னுங்க. என் ரேடியோவக் கடைசியாப் பிரிச்சீங்களாக்கும். நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்...” அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். பிள்ளையைப் பிடித்திருந்த கைகளை எடுத்து, பதில் வந்துவிடாதபடி தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மடியில் மலர்கொடியின் நெஞ்சு அசையாமல் இருந்தது. சாந்தா ஆற அமர, ஊருக்குப் போய்விட்டு வந்தவள் போல, ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே போனாள்.